மச்சான் சொன்ன சோப்புத்தூள்

மட்டாஞ்சேரி,
4-9-84.

மகா கனம் பொருந்திய மைத்துனர் பிச்சுமணி அவர்கள் சமூகத்துக்கு, மட்டாஞ்சேரியில் இருபத்திரண்டு வருஷமாக லாண்டரிக் கடை வைத்திருந்த செல்லதுரை எழுதிக்கொண்டது. 'வைத்திருந்த' என்று எழுதியிருப்பது கைத்தவறு அல்ல, யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். சங்கரன்கோவிலில் தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் வீட்டுப் பெண்ணின் வளைகாப்புக்கென்று வந்து பத்து நாளாக அங்கேயே தங்கியிருக்கும் தங்கள் தங்கையும் என் மனைவியுமான ஆவுடையம்மாளும் கோமதியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள். வளைகாப்பு நல்லபடியாக நடந்தது என்று கார்டு வந்தது, சந்தோஷம். இங்கே எனக்கு மூச்சு வந்து போகிறது. அதற்கு மேல் சுகத்தைப் பற்றி எழுதினால் பொய் எழுதியதாகும்.

போன மாதம் தாங்கள் எழுதிய கடிதம் இப்போது என் முன்னால்தான் விரித்துக் கிடக்கிறது. சிறுதொழில் முகாமில் மூன்று நாள் உட்கார்ந்து சோப்புத்தூள் செய்யக் கற்றுக்கொண்டதாகவும், 'மாப்பிள்ளை, ஒரு லாண்டரிக்காரர் கடைத்தூளை வாங்கித் துவைக்கலாமா, வீட்டிலேயே செய்துகொண்டால் பாதிக்குப் பாதி மிச்சம்' என்றும் முத்து முத்தாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தங்கை ஊருக்குப் புறப்படும்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க அண்ணன் எழுதினதப் படிச்சிட்டு எதையும் தொட்டுராதிய, நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் சரி என்றேன். அவள் திரும்பி வரும்போது வீட்டில் ஆறு டின் தூள் நிறைந்திருக்க வேண்டும், அதைப் பார்த்து அவள் வாயடைத்துப் போக வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. வாயடைத்துப் போனது என்னவோ நான்தான்.

தாங்கள் மிளகாய் லாரியில் டிரைவர் ராமர் வசம் கொடுத்தனுப்பிய, தூளுக்கு நுரை தருகிற ஆசிட் ஸ்லரி வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கேனின் மூடியைச் சரியாகத் திருகாமல் அனுப்பியிருந்தீர்கள் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஆரியங்காவு மலை ஏறி இறங்கியதில் அது கொஞ்சம் கசிந்து, மேலெல்லாம் மிளகாய்த் தூளை அப்பிக்கொண்டு, பார்க்கவே பயமாக வந்து இறங்கியது. அதைத் துடைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சலவை சோடாவைக் கொட்டிக் கலக்க அகலமான பாத்திரம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு அகலமான பாத்திரம் இந்தத் தெருவில் ஒன்றுதான் உண்டு, பக்கத்து வீட்டு ஹாஜராவின் பிரியாணிச் செம்பு. செம்பு என்றால் இங்கே அண்டா. பெருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. "மத்தியானத்துக்குள்ள தந்துருவீங்களா அண்ணே" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் கொடுத்தது. சோடாவின்மேல் ஸ்லரியை ஊற்றினேன். ஊற்றினதுதான் தெரியும். செம்பு சுட்டது, நுரை பொங்கியது, பொங்கின நுரையோடு தாங்கள் அனுப்பிய மிளகாயும் ஆவியாகி எழும்பியது. நான் தும்மினேன், ஹாஜரா தும்மினாள், மதில் மேல் உட்கார்ந்திருந்த பூனை தும்மியது, ஓடையில் வழிந்த நுரை படகு அணைகிற போட்டுஜெட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் மச்சான், நியாயத்தைச் சொல்ல வேண்டும். தும்மல் அடங்கிய பிறகு பார்த்தால் செம்புக்குள் அழகான தூள். நான் அதைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தேன். தூளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் செம்புக்குள் பூசியிருந்த ஈயத்தில் பாதியைக் காணவில்லை என்பது தெரிந்தது. ஹாஜரா செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வருஷம் பெருநாளும் ஓணமும் ஒரே வாரத்தில் வருகிறது என்பது தங்களுக்குத் தெரியாது. கொச்சியில் இதற்கு அர்த்தம் என்னவென்றால், துலுக்க வீட்டு வேட்டியும் மலையாள வீட்டு முண்டும் ஒரே சமயத்தில் என் கடைக்கு வந்து குவிவது. எல்லாம் வெள்ளை. வேட்டி வெள்ளை, சட்டை வெள்ளை, துண்டு வெள்ளை, பனியன் வெள்ளை. முப்பது வீட்டுத் துணி. துவைக்கிறவள் சங்கரன்கோவிலில் வளையல் போட்டுக்கொண்டிருக்கிறாள், இங்கே தேய்ப்புப்பெட்டியைத் தவிர வேறொன்றும் தொட்டறியாத நான். தைரியமாகத் தொட்டியில் தண்ணீர் நிறைத்து, நம் தூளைப் போட்டு, தாங்கள் எழுதியிருந்தபடி வெளுப்புக்காகப் பிளீச்சிங் பவுடரையும் போட்டேன். தாங்கள் ஒரு பிடி என்று எழுதியிருந்தீர்கள். நான் மூன்று பிடி போட்டேன். அது வேறு விஷயம். ஒரு பிடி என்று எழுதுகிறவர் அதற்கு மேல் போட்டால் என்ன ஆகும் என்றும் எழுதியிருக்க வேண்டாமா? ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் அலசிக் கொடியில் போட்டேன். மச்சான், அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. கண் கூசியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மடித்து வைக்கலாம் என்று முதல் வேட்டியை எடுத்து ஓரத்தைப் புரட்டினேன். குறி இல்லை. சரி, மறு ஓரமாக இருக்கும் என்று புரட்டினேன். அங்கேயும் இல்லை. அடுத்த வேட்டி, அதிலும் இல்லை. சட்டைக் காலர், இல்லை. தங்களுக்கு இது புரியுமோ என்னவோ, அதனால் சொல்கிறேன். என் கடையில் வீட்டுக்கு ஒரு சலவைக்குறி. சுக்கு வியாபாரி நூர் முகம்மது முதலாளி வீட்டுக்கு இரண்டு புள்ளி, வக்கீல் வாசுதேவனுக்கு மூன்று கோடு, ஹோட்டல் ஒச்சப்பனுக்கு ஒரு வட்டம், இப்படி முப்பது வீட்டுக்கும். கறுப்பு மையில் நானே என் கையால் போட்டது. துணி கிழிந்து கரித்துணியாகிற வரை போகாத மை. யார் துணி என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, எனக்குக் குறி தெரிந்தால் போதும் என்றுதான் இந்த ஊரே நிம்மதியாக இருந்தது. அந்தக் குறி ஒன்றுகூட மிச்சமில்லை. முப்பது வீட்டுத் துணியும் ஒரே குடும்பத்துத் துணி ஆகிவிட்டது.

ரகசியமாக ஏதாவது செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. ஹாஜராவின் புருஷன் சிகாபுதீன் அந்தச் செம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஈயம் பூசக் கொடுக்க பஜார் முழுக்க நடந்து போயிருக்கிறான். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடைப்பலகையை எடுக்கும்போது வெளியே ஊர் நிற்கிறது. முன்னால் நூர் முகம்மது முதலாளி. "செல்லதுரை, பெருநாள் தொழுகைக்கு உடுத்த வேண்டிய வேட்டி உங்கிட்டதான் இருக்கு. என்னமோ மருந்து போட்டு எல்லாத்தையும் வெளுத்துட்டேன்னு சொல்றாங்க. என்னோடது எங்கப்பா?" என்று கேட்டார். நான் அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். அதுதான் என்னைக் கெடுத்தது. "அவங்கவங்க துணி அவங்கவங்களுக்குத் தெரியாதா முதலாளி, நீங்களே பார்த்து எடுத்துக்கிடுங்க" என்று எல்லாவற்றையும் பெஞ்சில் பரப்பிவிட்டேன்.

நான் என்ன நினைத்தேன் என்றால், பெரிய மனிதர்கள், கௌரவமானவர்கள், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மச்சான், நான் பார்த்ததை எழுதவே கை கூசுகிறது. பெஞ்சில் இருந்த புது டபிள் வேட்டி ஒன்றின் மேல் ஏழு கை விழுந்தது. வக்கீல் வாசுதேவன், கோர்ட்டில் நின்று பேசினால் ஜட்ஜியே எழுந்து உட்காருவார் என்று பேர் வாங்கினவர், "செல்லதுரையே, ஈ முண்டு எண்டெதாணு, எனிக்கறியாம்" என்று, தன்னுடையது தனக்குத் தெரியாதா என்கிற தோரணையில், அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் முதலாளி. அவரும் பிடியை விடவில்லை. இந்த இழுபறியில் பின்னால் இருந்தவர்கள் நல்ல சட்டையாகப் பார்த்து உருவிக்கொண்டு போனார்கள். நாற்பது அங்குல மார்புக்காரர் முப்பத்திரண்டு அங்குலச் சட்டையைத் தன்னுடையது என்கிறார். துவைத்ததில் சுருங்கிவிட்டதாம். ஒச்சப்பன் மட்டும்தான் உண்மை பேசினான் என்று சொல்ல வேண்டும். அவன் எதையும் தொடாமல் நின்று, "அண்ணே, என் வேட்டின்னா சாம்பார்க் கறை இருக்கும், டீக் கறை இருக்கும். கறைய வச்சுத்தான் எனக்கே அது என்னுதுன்னு தெரியும். அதையும் எடுத்துட்டீங்களே, இப்ப நான் எதைப் பாத்து எடுக்க?" என்று கேட்டான். கடைசியில் அவனும் இரண்டு சலவை ஜிப்பாவை எடுத்துக்கொண்டு போனான். ஒச்சப்பன் பிறந்ததிலிருந்து ஜிப்பா போட்டு நான் பார்த்ததில்லை.

அரைமணி நேரத்தில் நல்லது எல்லாம் போயிற்று. பெஞ்சில் ஒரு குவியல் மிச்சம். அதைப் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனையும் கிழிசல். ஏழு இடத்தில் ஒட்டுப்போட்ட வேட்டி. தோளில் மட்டும் துணி இருந்து மற்றதெல்லாம் ஓட்டையான பனியன். முன்பக்கம் கஞ்சி போட்டாற்போல் விறைப்பாக இருந்து, திருப்பிப் பார்த்தால் முதுகே இல்லாத ஒரு சட்டை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, இது யாருடையது, இது யாருடையது என்று கேட்டேன். ஒருவரும் கை நீட்டவில்லை. முதுகில்லாத சட்டையை வருஷம் முழுக்கப் போட முடிகிறவர் இந்தத் தெருவில் ஒருவர்தான், மேலே கறுப்புக் கோட்டு மாட்டுகிறவர். அவர் முகத்துக்கு நேராகவே பிடித்தேன். "ஞான் இதொந்நும் கண்டிட்டில்லா" என்று, இதையெல்லாம் பார்த்ததே இல்லை என்று சத்தியம் பண்ணுகிற மாதிரி சொல்லிவிட்டு, கையில் அடுத்தவர் சட்டையோடு படியிறங்கிப் போனார். ஒட்டுப்போட்ட வேட்டியை முதலாளி பக்கம் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார். இந்த ஊர்க்காரர்களின் துணியை இருபத்திரண்டு வருஷம் சுமந்தேன். போன மாதத்துக் கூலியைத் தர மறந்து போனாலும் கேட்டதில்லை. இவர்கள் கௌரவத்தையெல்லாம் நான்தான் தேய்த்து மடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்தவன் வேட்டி கையில் கிடைத்தால் கட்டிக்கொண்டு போகிற கூட்டம். இந்த ஊர்க்காரர்களுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது மச்சான்.

பிந்தி வந்தவர்கள் பாடு இதைவிட மோசம். அவர்களுக்கு அந்தக் கிழிசல் குவியல்தான். பெருநாளுக்குள் எங்கள் துணி எங்கள் கைக்கு வர வேண்டும், வரவில்லையென்றால் நீ இந்தத் தெருவில் கடை வைக்க வேண்டாம், பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு உன் ஊருக்கு வண்டி ஏறிவிடு என்று பலகையில் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் பாதிப் பேர் எனக்குக் கல்யாணம் ஆகி நான் வந்து இறங்கின நாளிலிருந்து சாயா வாங்கிக் கொடுத்தவர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தக் கடையைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. இது போனால் இந்த வயசில் நான் யாருக்கு என்ன வேலை செய்வேன்? நாளை மறுநாள் பெருநாள். என்னிடம் இருப்பது முதுகில்லாத சட்டை.

ஆகவே தாங்கள் தயவு செய்து அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கமாக சின்னதாக ஒரு வீடு பார்த்து வைக்கவும். கிணறு வேண்டாம். குளத்தங்கரை வேண்டவே வேண்டாம். ஏதாவது அரிசிக் கடையில் மூட்டை எண்ணுகிற வேலை இருந்தால் சொல்லி வைக்கவும். இதெல்லாம் தங்கள் தூளால் வந்தது என்பதால் இந்த உதவியைக் கேட்க எனக்குப் பூரண உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆவுடையம்மாளிடம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். அவளாகக் கேட்டால், மாப்பிள்ளைக்குக் கொச்சித் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை, ஊரோடு வந்துவிடப் போகிறார் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லவும். சோப்புத்தூள் என்ற வார்த்தையை இனிமேல் கடிதத்திலோ நேரிலோ நாம் பேசிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், வளைகாப்பு முடிந்த பிள்ளைக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்ற என் வேண்டுதலையும், குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். கடவுள் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதில் புதுத்தொழில் எதுவும் கற்றுக்கொள்ளாத மனசையும் கொடுப்பாராக.

இப்படிக்கு,
நொந்துபோன மாப்பிள்ளை,
செ. செல்லதுரை.

பின்குறிப்பு: புதன்கிழமை. வெளியே தலைகாட்ட வெட்கமாக இருந்ததால் இதை நேற்றுத் தபாலில் போடவில்லை. வீடு பார்க்க வேண்டாம். இன்று விடிந்து பால்காரன் போவதற்குள் மிளகாய் லாரி வாசலில் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் தங்கள் தங்கை. ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததையெல்லாம் ராமர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு அங்கே வந்து ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். தாங்கள் அவளைத் தடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. முகம்கூடக் கழுவாமல் கிழிசல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒட்டுத்துணிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது சுல்ஃபத் தையல், எறும்பு போன மாதிரி பொடிப் பொடியா இருக்கும். இது வக்கீல் சம்சாரம் தச்சது, முடிச்சு போடத் தெரியாது, ரெண்டு தரம் இழுத்து விட்டுரும்" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சுல்ஃபத் என்பது நூர் முகம்மது முதலாளியின் மனைவி. குறி போட்டது நான், மச்சான், ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு தையலையும் பார்த்ததில்லை. ஒரு மணி நேரத்தில் குவியல் தீர்ந்தது. ஒவ்வொரு கிழிசலையும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பின்வாசல் வழியாகப் போய் அடுக்களையில் பெண்களிடம் கொடுத்தாள். பேப்பரைப் பிரித்துப் பார்ப்பார்களாம், முகம் சிவக்குமாம், உள்ளே போய் புருஷன்மார் கொண்டுவந்த நல்ல துணியை எடுத்து வந்து கையில் கொடுப்பார்களாம். மத்தியானத்துக்குள் முப்பது வீட்டுத் துணியும் முப்பது வீட்டுக்குப் போய்விட்டது. ஒச்சப்பன் வீட்டு ஜிப்பா இரண்டும் வந்துவிட்டது. ஹாஜராவின் செம்பும் ஈயம் பூசி வந்துவிட்டது, நாளைக்குப் பிரியாணி நமக்கும் உண்டாம்.

ஒரே ஒரு வேட்டி மட்டும் கணக்கில் குறைகிறது, வக்கீல் வீட்டில் கேட்கிறார்கள் என்றாள். நான் உடனே, கொண்டுபோனவன் எவனாவது ஒளித்து வைத்திருப்பான், இந்த ஊர்க்காரர்களை உனக்குத் தெரியாது என்று ஆரம்பித்தேன். மேலே எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். பிறகு கிட்டே வந்து, நான் கட்டியிருந்த வேட்டியின் ஓரத்தைப் புரட்டி விரலால் தடவிப் பார்த்தாள். "இது என் தையல் இல்லையே" என்றாள். மச்சான், சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. சனிக்கிழமை குவியலில் என் வேட்டியும் கிடந்தது, கையை விட்டபோது இது கிடைத்தது, கொஞ்சம் நல்லதாக இருந்தது, இதுதான் என்னுடையது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியபோது நான் சந்தேகப்படவே இல்லை என்பதையும் தங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். "மத்ததெல்லாம் நான் பின்வாசல் வழியாக் கொண்டுபோய்க் கொடுத்தாச்சு. இத நீங்க முன்வாசல் வழியாக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். இப்போது கைலியைக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். வேட்டி மடியில் இருக்கிறது, தேய்த்து வைத்தாயிற்று, வக்கீல் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்று இங்கிருந்தே தெரிகிறது. முன்பு எழுதியதை அடித்துத் திருத்த நேரமில்லை. ஆகையால் 'இந்த ஊர்க்காரர்கள்' என்று வருகிற இடங்களில் எல்லாம் தயவு செய்து என்னையும் சேர்த்து வாசித்துக்கொள்ளவும்.